மாவு பூசிய கல்

அன்று கோயில் மதிலோரம் வந்திருந்தவர்கள் நான்கு பேர். தமயந்தி டீச்சர், குஞ்சிதபாதம், பலசரக்குக் கடை மரியசூசை, ஆட்டோ ஓட்டும் நூருல்லா. 'கல்லெழுத்து' என்ற வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். வருஷத்துக்கு ஒருநாள் நேரில் கூடிக் கல்வெட்டு படிப்பது அவர்கள் வழக்கம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், முதல் கூட்டத்துக்கு முப்பத்தேழு பேர் வந்தார்கள். ஒருவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடிப்பார். ஒருவர் எழுத்தைச் சொல்வார். தப்பாகச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், சொன்னவரும் சிரிப்பார். புளியோதரை போதாமல் இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கினார்கள். குஞ்சிதபாதத்துக்கு அதுகூட மறக்கவில்லை.

டீச்சர் அவரைவிட இருபத்திரண்டு வயது இளையவர். ஆனாலும் எட்டாவதோடு படிப்பை விட்டு, ரேஷன் கடையில் எடை போட்ட அவருக்குப் பழைய எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். குஞ்சிதபாதம் முதன்முதலில் அனுப்பிய படத்தில் பாதிக் கல்லை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது. 'விரலுக்கு மேலே ஸ்வஸ்தி ஸ்ரீ என்று இருக்கிறது ஐயா. விரலை எடுத்தால் மீதியையும் படித்துவிடலாம்' என்று டீச்சர் பதில் எழுதினார்.

இப்போது குழுவை நடத்துவது குஞ்சிதபாதம். அன்று சாயங்காலம் அதை மூடிவிடுவது என்றுதான் வந்திருந்தார். மூடினால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்கள் எண்பத்தாறு பேர், ஒரு மாதத்துக்குள் விலகியவர்கள் எழுபத்தொன்பது பேர் என்று நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"வர்றவங்க ஏன் டீச்சர் நிக்க மாட்டேங்குறாங்க?"

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை இல்லை என்றார் மரியசூசை. விதிகளை இன்னும் இறுக்க வேண்டும் என்றார் நூருல்லா. விதிகள் ஏற்கெனவே முப்பத்தொன்று. எல்லாம் குஞ்சிதபாதம் எழுதியவை. சேர்ந்த உடனே புதியவருக்குப் போய்விடும்.

டீச்சர் குஞ்சிதபாதத்தின் பக்கம் திரும்பினார்.

"கடைசியா விலகினது யாரு ஐயா?"

"பொன்னுத்தாயின்னு ஒருத்தங்க. போன வியாழக்கிழமை."

அவள் அனுப்பிய படத்தை எடுத்துக் காட்டினார். துணி துவைக்கும் கல் ஒன்று. எழுத்து தெரிவதற்காக அதில் அரிசி மாவைத் தேய்த்திருந்தாள். மாவு பூசினால் எறும்பு வரும், கல் கெடும். ஒன்பதாவது விதியே அதுதான். பதில்கள் இருபத்துமூன்று. பதினாறு பேர் ஒன்பதாம் விதியைப் படிக்கச் சொல்லியிருந்தார்கள். முதலில் சொன்னவர் குஞ்சிதபாதம். 'தோசை எத்தனை ஊத்துனீங்க?' என்று மரியசூசை கேட்டிருந்தார். மற்ற ஆறும் சிரிக்கும் முகங்கள். நாற்பதாவது நிமிஷம் அவள் போய்விட்டாள்.

"கல்லுல என்ன இருந்துச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

குஞ்சிதபாதம் மரியசூசையைப் பார்த்தார். மரியசூசை மதிலைப் பார்த்தார்.

"படிங்க ஐயா."

அவர் போனைக் கண்ணருகே வைத்துக்கொண்டு படித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏழு வரி. இரண்டு இடத்தில் டீச்சர் திருத்தினார். படித்து முடித்ததும், அந்தம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார் டீச்சர்.

எண் படத்துக்கு மேலேயே இருந்தது. குஞ்சிதபாதம் இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார். தான் யார் என்று சொன்னார். கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய ஓர் இடையர் தொண்ணூறு ஆடு கொடுத்த செய்தி அந்தக் கல்லில் இருக்கிறது என்றார்.

"தொண்ணூறா?" என்றாள் பொன்னுத்தாயி. "எங்ககிட்ட ஏழுதான் நிக்குது."

பிறகு, மாவை அன்றைக்கே கழுவிவிட்டதாகவும் அதன் மேல் இப்போது யாரும் துவைப்பதில்லை என்றும் சொன்னாள். ஓடைப் பக்கம் இன்னும் இரண்டு கல் கிடக்கிறதாம்.

"அனுப்புறேன். குழுவுல போடல. உங்களுக்கு மட்டும் அனுப்புறேன்."

சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்தார். 'குழுவுல போடல' என்று அவள் சொன்னது அவருக்குச் சுருக்கென்றது.

இந்த வருஷம் புதியவர்கள் அனுப்பிய கல் எத்தனை என்று டீச்சர் கேட்டார். நோட்டில் அந்தக் கணக்கு இல்லை. போனில் மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம் எண்ணினார். அறுபத்தொன்று. அதில் படித்துச் சொன்னது இன்றைக்குப் படித்த ஒன்றுதான்.

கிளம்பும் நேரமாகியும் மரியசூசையும் நூருல்லாவும் எழுந்திருக்கவில்லை.

"குழுவை மூடிரவா டீச்சர்?"

"மீதி எவ்வளவு ஐயா?"

அவர் மனசுக்குள் கழித்தார். பொன்னுத்தாயியின் இரண்டைக் கூட்டிக்கொண்டார்.

"அறுபத்திரண்டு."