வண்டிக்குத் தெரியாத பாரம்

மேட்டுப்பாளையத்தில் மோட்டார் சைக்கிள்களின் ஷாக் அப்சார்பரை மட்டும் சரிசெய்து தரும் பட்டறை ஒன்று இருந்தது. நடத்தியவர் ஆக்னஸ். முப்பத்தோரு வயது. அவரிடம் தொழில் கற்க வந்தவர் சிதம்பரநாதன். நூற்பாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது ஐம்பத்தெட்டு.

சிதம்பரநாதன் ஆக்னஸை "மாஸ்டர்" என்பார். ஆக்னஸ் அவரை "சார்" என்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை பொன்னுரங்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்தார். பின்னால் அவர் மனைவி சரோஜினி நடந்து வந்தார். வண்டியில் ஏறாமல் வெகு தூரம் நடந்தே வந்திருக்கிறார் என்பது வேர்வையில் தெரிந்தது.

சிதம்பரநாதனுக்கு முகம் சுருங்கியது. போன வாரம் அந்த வண்டிக்கு விலை உயர்ந்த புது ஷாக் அப்சார்பர் மாட்டிக் கொடுத்தது அவர்தான். தனியாகச் செய்த முதல் வேலை.

"என்னங்க ஆச்சு?" என்றார்.

"நேத்து குன்னூர் கிளம்பினோம்ங்க. ரெண்டு வருசமா முதுகு வலியில வண்டியே ஏறாம இருந்தவ. டாக்டர் போலாம்னுட்டார். புதுசு மாட்டியிருக்கு, பூ மாதிரி போகும்னு கூட்டிட்டுப் போனேன். மூணாவது வளைவுலயே இறங்கி பஸ் ஏறிட்டா."

"அவர் முன்னால வண்டியில, நான் பின்னால பஸ்சுல," என்றார் சரோஜினி. "இனி அப்படியே இருந்துக்கறேன்."

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

சிதம்பரநாதன் ஆக்னஸைத் தனியே அழைத்தார். "மாஸ்டர், ரெண்டு பேர் போற வண்டின்னு ஸ்பிரிங்கை நல்லா இறுக்கித்தான் வெச்சேன். சொகுசு வேணும்னா தளர்த்தணும். தளர்த்தினா வளைவுல ஆடும். ஆடாம இருக்கணும்னா இறுக்கணும். இறுக்கினா முதுகு போயிரும். தளர்த்தறதா, இறுக்கறதா?"

ஆக்னஸ் நேராக சரோஜினியிடம் போனார்.

"அக்கா, வண்டி குழியில இறங்கறப்ப வலிக்குதா, ஏறறப்ப வலிக்குதா?"

சரோஜினி யோசித்தார். "ஏறறப்பதான். இறங்கறது ஒண்ணும் பண்ணல. உடனே தூக்கி எறியுது பாருங்க, அப்பத்தான் உயிர் போகுது."

"நீ இதை எங்கிட்டச் சொல்லவே இல்லையே," என்றார் பொன்னுரங்கம்.

"நீங்க எங்கே கேட்டீங்க? 'நல்லா இருக்கா, நல்லா இருக்கா'ன்னுதான் கேட்டீங்க."

ஆக்னஸ் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். சிதம்பரநாதன் பிடித்தார்.

"ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க. வழக்கமா எப்படி உக்காருவீங்களோ அப்படி."

ஏறினார்கள். ஆக்னஸ் குனிந்து டேப் வைத்து அளந்தார். பின்பக்கம் ஒரு விரல் அளவுகூடத் தாழவில்லை.

"சார், போன வாரம் யாரை உக்கார வெச்சு அளந்தீங்க?"

"யாரையும் வெக்கலீங்க. அண்ணன்கிட்ட எடை கேட்டேன். அக்கா எடையைக் கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. நானா ஒண்ணு நினைச்சுக்கிட்டேன்."

"எவ்வளவு நினைச்சீங்க?"

"எண்பது."

சரோஜினி திரும்பிப் பார்த்தார். "ஐம்பத்தொண்ணுங்க!"

முதலில் சிரித்தது பொன்னுரங்கம்தான். பிறகு சரோஜினியால் அடக்க முடியவில்லை. வண்டியோடு சேர்ந்து குலுங்கினார்.

"இவங்க ஏறி உக்காந்ததே இந்த வண்டிக்குத் தெரியல," என்றார் ஆக்னஸ்.

ஸ்பேனரை சிதம்பரநாதன் கையிலேயே கொடுத்தார். அவர் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினார். கணவனும் மனைவியும் ஏறினார்கள், அவர் அளந்தார், இறங்கினார்கள். மறுபடி தளர்த்தினார். நான்காவது தடவை வண்டி, வேண்டிய மூன்று விரல் அளவு தாழ்ந்து நின்றது.

"இப்ப சீட்டை அமுக்கி விடுங்க."

அமுக்கினார். சட்டென்று மேலே எழும்பி இரண்டு முறை துள்ளியது.

"இதுதான். இதேதான்," என்றார் சரோஜினி.

ஷாக் அப்சார்பரின் அடியில், மேலே எழும்பும் வேகத்தைக் குறைக்கும் சின்னத் திருகை ஆக்னஸ் காட்டினார். சிதம்பரநாதன் அதை ஒவ்வொரு சொடுக்காக இறுக்கினார். ஆறாவது சொடுக்கில், அமுக்கிய சீட் நிதானமாக மேலே வந்து அப்படியே நின்றது.

"வேகத்தடை வரைக்கும் போயிட்டு வாங்க. பத்து நிமிசம்," என்றார் ஆக்னஸ்.

சரோஜினி தயங்கினார். பிறகு கணவர் தோளைப் பிடித்து ஏறினார்.

பத்து நிமிடம் ஆனது. அரை மணி ஆனது. சிதம்பரநாதன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

"விழுந்திருப்பாங்களோ, மாஸ்டர்?"

ஆக்னஸ் வேறொரு வண்டியின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஹாரன் கேட்டது. சிதம்பரநாதன் ஓடினார். பொன்னுரங்கம் ஓட்டி வந்தார். சரோஜினியின் தலைமுடி முழுக்கக் காற்றில் கலைந்திருந்தது. மடியில் பெரிய பலாப்பழம் ஒன்று.

"வேகத்தடையில ஒண்ணும் தெரியலீங்க. கல்லாறு வரைக்கும் போலாம்னா. கல்லாறு வந்ததும் பர்லியாறு போலாம்னா. வளைவுல நான் மெதுவாப் போனா முதுகுல குத்தறா, விரட்டுங்கன்னு!"

"பழத்தை இறக்குங்க முதல்ல," என்றார் சரோஜினி. "அறுத்து எல்லாரும் சாப்பிடலாம். அப்புறம் குன்னூர் போகணும்."

பட்டறைத் தரையில் செய்தித்தாளை விரித்தார்கள். நால்வரும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிரித்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கணவனும் மனைவியும் கிளம்பினார்கள். சரோஜினி திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.

வண்டி மறைந்ததும் சிதம்பரநாதன் கேட்டார். "தளர்த்தறதா, இறுக்கறதான்னு கேட்டேன். நீங்க பதிலே சொல்லல, மாஸ்டர்."

"அப்ப எனக்கும் தெரியாதுங்க சார்," என்றார் ஆக்னஸ், இன்னொரு சுளையை எடுத்தபடி. "அந்த அக்கா ஏறி உக்காந்ததுக்கப்புறம்தான் தெரிஞ்சுது."