பின்னால் வருகிறவன்

நட்சத்திர உயரம் அளக்கும் பலகையை நீட்டிப் பிடித்து, முடிச்சுக் கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூன்றாவது நாளாகக் கிழக்கே பார்த்தான் மாலுமி லெப்பைத்தம்பி. நாம் ரோகிணி என்கிற சிவப்பு நட்சத்திரம் இன்றும் எழவில்லை. கடல் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது.

"என்ன காக்கா, ஒரு விரலாவது ஏறிச்சா?" என்று மூத்தவனைக் கேட்டான் பின்னால் நின்ற கப்பலாள் மூசா.

"இல்ல." லெப்பைத்தம்பி திரும்பிப் பார்க்கவில்லை.

கடலுக்கு வரைபடம் இல்லாத காலம் அது. நட்சத்திரமே வழி, விரலே அளவு. அந்த நட்சத்திரம் எழாவிட்டால் காற்றும் எழாது. மஸ்கட்டிலிருந்து காயல் துறைமுகத்துக்குப் புறப்பட்ட கப்பலில் பதினொரு குதிரைகள். மிஞ்சியது ஒரு பீப்பாய்த் தண்ணீர்.

"குதிரைக்கு ஊத்தினா நமக்கில்ல. போய் அந்த நட்சத்திரத்தை எழுப்பிட்டு வாங்களேன்" என்று சிரித்தான் மூசா.

லெப்பைத்தம்பி சிரிக்கவில்லை. தன் பங்குத் தண்ணீரைக் குடுவையில் எடுத்துக்கொண்டு தோணியில் இறங்கினான். துடுப்புப் போட்டான், போட்டான், கை ஓயும்வரை போட்டான்.

அங்கே கடல் விளிம்பில், தண்ணீர்மேல் உட்கார்ந்து, சிவந்த கண்ணோடு ஒரு கிழவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன் பெரியவரே, எழும்பலியா?"

"எதுக்கு? கார்த்திகைப் பொண்ணுங்க ஆறு பேரு முன்னால போறாளுக. ஒருத்தியும் திரும்பிப் பார்த்ததில்ல. அரபு மாலுமிங்க எனக்கு வச்ச பேரே அல் தபரான். பின்னால் வருகிறவன். காத்து விக்கிற மந்திரவாதி ஒருத்தன் வந்து, 'உனக்குப் பின்னால யாரு?'ன்னான். 'யாருமில்ல'ன்னேன். அந்தச் சொல்லையே முறுக்கி என் காலைக் கட்டிட்டான்."

லெப்பைத்தம்பி குடுவையை நீட்டினான். கிழவன் மடமடவென்று குடித்தான்.

"முப்பது வருஷமா உம்ம பின்னாலதான் வாறேன். எனக்கும் அலுத்துப்போச்சு. வேற வழி தெரியாதே" என்றான் லெப்பைத்தம்பி.

கிழவன் அப்போதுதான் திரும்பினான். தோணியைப் பார்த்தான். தோணிக்குப் பின்னால் கப்பலைப் பார்த்தான். கப்பலில் குதிரைகளைப் பார்த்தான். காலில் கட்டு அவிழ்ந்தது.

"இத்தனை பேரா!" என்று முனகி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல். பாய் புடைத்தது.

பதினொரு குதிரைகளும் உயிரோடு காயலில் இறங்கின. அந்தப் பெயரும் கரை கரையாக இறங்கியது. அல்டெபரான் என்று இன்றும் உலகம் சொல்கிறது.

கடைசியாக லெப்பைத்தம்பி கயிற்றேணியில் இறங்கினான். பின்னால் மூசா மூட்டையோடு இறங்கி வந்தான். லெப்பைத்தம்பி திரும்பி நின்று மூட்டையை வாங்கிக்கொண்டான்.