முழங்கை வரைக்கும் கையுறை

மூட்டுவலி மாத்திரை தின்ற நாளிலிருந்து தையல்காரி மூக்கம்மாளுக்கு ஊசியில் நூல் கோக்க முடியாதபடி கைநடுக்கம். புகார் பெருகவே, கம்பெனி ஊரூராய் ஆளனுப்பி மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அவள் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாள்.

கம்பெனி வக்கீல் போட்ட சத்தத்தில் சுவரிலிருந்த பல்லியே கீழே விழுந்துவிட்டது. "அது மிட்டாய் மாதிரிம்மா! பச்சப்பிள்ளைகூடத் திங்கலாம். அதுவுமில்லாம, நீ தின்னதுக்கு என்ன சாட்சி? ஒரு மாத்திரையைக் காட்டு, பார்ப்போம்!"

"மிச்சமிருந்த எல்லாத்தையும் ஒங்க ஆளு வாரிக்கிட்டுப் போயிட்டாரேய்யா," என்ற மூக்கம்மாள், முழங்கை நீளத்தில் ஒரு ரப்பர் கையுறையை எடுத்து மேஜையில் வைத்தாள். கம்பெனி முத்திரை பளிச்சென்று தெரிந்தது. "அந்த மிட்டாயை அள்ள இதை மாட்டிக்கிட்டுத்தான் வந்தாரு. அவசரத்துல விட்டுட்டுப் போயிட்டாரு. கையில எடுத்துப் பாருங்க வக்கீல் சாமி."

வக்கீல் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"என்ன வக்கீல் சார், மிட்டாய்தானே?" என்றபடி நீதிபதி தீர்ப்பெழுதப் பேனாவைத் திறந்தார்.