நிமிஷத்துக்கு இருபது மூச்சு

தங்கபுஷ்பம் மேடத்தைப் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் சொல்லப்படும் கதைகளில் பாதி பொய். மீதிப் பாதி அதைவிட நம்ப முடியாதது.

மாடிப்படி ஏறும்போதே மேலே எந்தக் கட்டிலில் குளுக்கோஸ் தீர்ந்துபோனது என்று சொல்லிவிடுவாராம். ஒருமுறை வாசலில் பூ விற்கிற பெண்ணிடம் முழம் என்ன விலை என்று கேட்டுக்கொண்டே அவளுக்கு ரத்தசோகை என்று கண்டுபிடித்து, ஹீமோகுளோபின் ஆறு புள்ளி நாலு என்று புள்ளி வைத்துச் சொன்னாராம். பரிசோதனைக்கூடத்தில் ஆறு புள்ளி ஐந்து வந்தது. உடனே மெஷினைப் பார்க்க ஆள் வரவழைத்தார்கள். பழுது மெஷினில்தான் இருந்தது.

உப்பளத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிற ஆஸ்பத்திரி அது. அதை ஒட்டிய செவிலியர் கல்லூரியில் அவர் பேராசிரியை. வயது நாற்பத்து மூன்று. அவரிடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தவர்களைச் சீடர்கள் என்றே எல்லாரும் சொல்வார்கள்.

சீடர்களில் மூத்தவர் ஆவுடைநாயகம். குருவைவிட ஒன்பது வயது மூத்தவர். மூன்றாம் வார்டின் பொறுப்பு நர்ஸ். நோயாளிகளுக்கும் சக நர்சுகளுக்கும் அவர் ‘பிரதர்’. தங்கபுஷ்பத்துக்கு மட்டும் ‘நாயகம் சார்’.

அவருடைய ஆராய்ச்சி ஒரு அட்டை. காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு நான்கையும் மூன்று மணிக்கு ஒருமுறை அதில் எழுத வேண்டும். அளவு தவறினால் கட்டம் மஞ்சள், ரொம்பத் தவறினால் சிவப்பு. சிவப்பு வந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். இப்படிச் செய்தால், வார்டில் கிடக்கிற நோயாளி திடீரென்று மோசமாகி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடுகிற நிலை குறையும். இதுதான் அவர் நிரூபிக்க நினைத்தது. தன்னுடைய மூன்றாம் வார்டில் அட்டையைக் கொண்டுவந்தார். பக்கத்து நான்காம் வார்டில் எதையும் மாற்றவில்லை. அங்கே பழைய நோட்டுப் புத்தகம்தான். ஒரு வருஷம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

பார்த்த நாளில் இருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, நானூறு பக்க ஆய்வேட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்கு வந்தார். ஆறு வருஷ வேலை. இரண்டு முறை கெடு வாங்கியாகிவிட்டது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. மறுபடி முதலில் இருந்து. ஒப்படைக்க வழிகாட்டியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“நாலாம் வார்டை எடுத்துட்டேன் மேடம்,” என்றார்.

“எடுத்து எங்க வச்சீங்க?”

“ஆராய்ச்சியில இருந்து எடுத்துட்டேன். மூணாம் வார்டு மட்டும் போதும். அட்டைக்கு முன்னாடி வருஷத்துக்கு நாப்பத்தி மூணு பேரு தீவிர சிகிச்சைக்குப் போனாங்க. அட்டைக்குப் பிறகு நாப்பத்தி ஒண்ணு. குறைஞ்சிருக்கு.”

“நாலாம் வார்டுல எத்தனை?”

ஆவுடைநாயகம் மின்விசிறியைப் பார்த்தார்.

“பத்தொம்பது.”

“அங்க நீங்க என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமே பண்ணலை மேடம். அதான் எனக்குப் புரியலை. அதே ஊரு, அதே நோய், அதே முப்பது கட்டில், ஷிஃப்டுக்கு அதே ரெண்டு நர்ஸு. ஒண்ணும் பண்ணாத வார்டு எப்படி மேடம் ஜெயிக்கும்?”

தங்கபுஷ்பம் பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போடப்போகிறார் என்று ஆவுடைநாயகம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மேடம் பேனாவை அப்படியே காதில் செருகிக்கொண்டு எழுந்தார்.

“நாலாம் வார்டுல பதினோராம் கட்டில் காலியா இருக்கு. போய்ப் படுங்க.”

“எதுக்கு மேடம்?”

“படுத்தா சொல்றேன்.”

குரு சொன்னால் சீடன் குளத்தில் குதிப்பான் என்று பழைய கதைகளில் வரும். ஆவுடைநாயகத்துக்குக் குளம் பரவாயில்லை. தன்னைத் தெரிந்த இருபத்தொன்பது நோயாளிகளுக்கு நடுவே செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

பன்னிரண்டாம் கட்டிலில் பிச்சைக்கனி என்று ஒரு லாரி டிரைவர். தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன பிரதர், உங்களையும் சேத்துட்டாங்களா?”

“சும்மாப்பா.”

“எல்லாரும் சும்மான்னு சொல்லித்தான் வாராங்க. நானும் சும்மா வந்தவன்தான், ஒம்பது நாளாச்சு. உப்புமா மட்டும் வாங்கிராதீங்க.”

சிஸ்டர் சேர்மக்கனி வந்தாள். முப்பத்துநாலு வயது, ஒப்பந்த நர்ஸ். அவள் பேச்சு வாசல்வரை கேட்கும். பிரதர் ஏன் படுத்திருக்கிறார் என்று கேட்கவில்லை. மேடம் தலையசைத்ததைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வாட்சைப் பார்த்தாள்.

வார்டில் அந்த வாய் மூடியிருந்தது அதுதான் முதல் தடவை என்று ஆவுடைநாயகத்துக்குத் தோன்றியது.

அவள் விரல்கள் குளிர்ச்சியாக இருந்தன. அவர் கூரையைப் பார்த்தார். பல்லி ஒன்று டியூப்லைட்டுக்குப் பின்னால் போயிற்று. வந்தது. மறுபடி போயிற்று. நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தானாக ஒருமுறை வெளியே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை.

“நாடி பாக்க இவ்வளவு நேரமாம்மா?” என்றார்.

“நாடி அப்பவே முடிஞ்சிருச்சு பிரதர்.”

“அப்ப ஏன் கையை விடலை?”

“விட்டா நீங்க மூச்சைத் திருத்திக்கிருவீங்கல்லா.” சேர்மக்கனி நோட்டில் எழுதினாள். “மூச்சை எண்ணுறோம்னு தெரிஞ்சா ஒருத்தரும் இயல்பா விடமாட்டாங்க. போட்டோவுக்கு நிக்கிற மாதிரி விறைச்சுக்கிட்டு விடுவாங்க. அதான் நாடி பாக்கிற மாதிரியே கையைப் பிடிச்சுக்கிட்டு முழுசா ஒரு நிமிஷம் எண்ணிர்றது. நாடி தொண்ணூத்தாறு. மூச்சு இருபத்தி மூணு. பெருமூச்சு ரெண்டு. வீட்டுப் பிரச்சனையா பிரதர், ஆபீஸ் பிரச்சனையா?”

“இதை யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தா?”

“நர்சிங் படிக்கையில மொத வருஷமே எல்லாருக்கும் சொல்லிக்குடுக்கிறதுதானே.” அவள் மேடத்தைப் பார்த்தாள். “இப்ப மாத்திட்டாங்களா மேடம்?”

“மாத்தலை,” என்றார் தங்கபுஷ்பம்.

பிச்சைக்கனி படுத்தபடியே திரும்பினார். “யம்மா, அப்ப ஒம்பது நாளா நீ எனக்கு நாடி பாக்கலையா?”

“நாடியும் பாத்தேன் அண்ணே.”

“களவாணி.” அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆவுடைநாயகம் எழுந்து உட்கார்ந்தார். காது சிவந்திருந்தது.

“என் வார்டுலயும் மூச்சு எண்ணுறாங்க மேடம். அட்டையில கட்டம் இருக்கு. ஒரு கட்டம்கூடக் காலி கிடையாது.”

மேடம் கையோடு கொண்டுவந்திருந்த கட்டைப் பிரித்தார். பின்னிணைப்பில் அட்டைகளின் நகல் இருந்தது. “மூச்சுன்னு இருக்கிற வரிசையை வாசிங்க.”

“இருபது,” என்றார் ஆவுடைநாயகம். “இருபது. இருபது. இருபது. பதினெட்டு. இருபது.”

“அடுத்த ஆளு.”

“இருபது. இருபது. இருபது.”

“நிமோனியா ஆளு ஒருத்தர் இருப்பாரே.”

“இருபது.” அவர் குரல் இறங்கியது. “தீவிர சிகிச்சைக்குப் போறதுக்கு முந்தின மணி நேரம். இருபது.”

“முப்பது கட்டில்லயும் ஒரே தாளத்துல மூச்சு விட்டிருக்காங்க,” என்றார் மேடம். “கல்யாண வீட்டு மேளத்துக்குக்கூட இப்படி அமையாது.”

ஆவுடைநாயகம் அந்த வரிசைக்குச் சராசரி போட்டவர். ஏற்ற இறக்கம் கணக்கிட்டவர். அதற்குப் பதினோரு மாதம் ஆயிற்று. ஏற்ற இறக்கமே இல்லை என்று கண்டுபிடித்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ‘நோயாளிகளின் சுவாசம் ஆண்டு முழுவதும் சீராக இருந்தது’ என்று பெருமையாக எழுதியும் வைத்திருந்தார்.

“வேலை அப்படி மேடம். ஊசி, மருந்து, ரவுண்ட்ஸ். பொண்ணுங்க பாவம், எப்ப உக்காந்து எண்ணுவாங்க? அவசரத்துல போட்டிருப்பாங்க.”

மேடம் மேலே இருந்த அட்டையைத் தொட்டார். “இந்தக் கையெழுத்து எந்தப் பொண்ணோடது?”

அது அவருடைய கையெழுத்து.

நான்காம் வார்டின் கடிகாரம் மூன்றடித்தது. காலையில் டூட்டியில் எழுதிய அட்டை ஒன்று ஆவுடைநாயகத்தின் நினைவில் வந்தது. பதினேழாம் கட்டில், பொன்னுலிங்கம், உப்பளத் தொழிலாளி, காய்ச்சல். காலை ஆறு மணி, இருபது. ஒன்பது மணி, இருபது. பன்னிரண்டு மணிக்கு, சாப்பாட்டு வண்டி வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, இருபது.

கட்டை மேடத்தின் கையிலேயே விட்டுவிட்டுச் செருப்பு மாட்டாமல் மூன்றாம் வார்டுக்கு நடந்தார்.

பொன்னுலிங்கம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சிரித்தார். ஆவுடைநாயகம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். நாடி பார்க்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கற்ற முகம்; எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது.

நிமிஷத்தில் பாதி போவதற்குள் பதினேழு ஆகிவிட்டது. அவசரப்பட்டு எழவில்லை. முள் முழுச்சுற்றும் வரும்வரை இருந்தார்.

முப்பத்து நாலு.

“எப்படிய்யா இருக்கு?”

“ஒண்ணுமில்ல பிரதர். காலையில இருந்து சட்டை இறுக்குது. துவைச்சதுல சுருங்கிருச்சு போல.”

“ஏன் சொல்லலை?”

“யாருகிட்ட?” பொன்னுலிங்கம் சொல்லை நிறுத்தி நிறுத்திப் பேசினார். “நீங்க அட்டையைப் பாத்துக்கிட்டே வந்தீங்க. அட்டையைப் பாத்துக்கிட்டே போனீங்க.”

ஆவுடைநாயகம் இருபதை அடித்தார். முப்பத்து நாலு என்று எழுதினார். அந்த வார்டில் அட்டை பிறந்ததில் இருந்து மூச்சுக் கட்டத்தில் சிவப்பு விழுந்தது அதுதான் முதல் முறை. டூட்டி டாக்டர் வந்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், மருந்தை மாற்றினார், ஆக்ஸிஜன் போடச் சொன்னார்.

“நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க பிரதர். ராத்திரி வரைக்கும் விட்டிருந்தா தள்ளிக்கிட்டு ஓடியிருக்கணும்.”

ஆவுடைநாயகம் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பதினெட்டாம் கட்டிலுக்குப் போனார்.

பதினெட்டில் பத்தொன்பது. அடுத்தவருக்குப் பதினாறு. இருபதாம் கட்டில் கிழவர் தன் மூத்த மருமகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடித்து அடங்கும்வரை காத்திருந்து எண்ணினார். இருபத்தாறு, மஞ்சள். இப்படியே கட்டில் கட்டிலாக நகர்ந்தார். அவருடைய இரண்டு நர்சுகளும் சுவரோரம் நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி, யாரும் சொல்லாமலே, இன்னொரு ஸ்டூலைப் போட்டு ஒன்றாம் கட்டிலில் இருந்து ஆரம்பித்தாள்.

நாலேகால் இருக்கும். தங்கபுஷ்பம் மூன்றாம் வார்டு வாசலில் வந்து நின்றார். கையில் நானூறு பக்கம், காதில் பேனா.

“கையெழுத்துக்கு இடம் எங்கன்னு காட்டுங்க நாயகம் சார். இப்ப ஆட்டோ பிடிச்சா போயிரலாம்.”

ஆவுடைநாயகம் கட்டைப் பார்த்தார். ஆறு வருஷம் அவர் மனைவி ‘உங்க இரண்டாம் சம்சாரம்’ என்று கூப்பிட்ட கட்டு அது. பிறகு இருபத்துநாலாம் கட்டிலைப் பார்த்தார்.

“நாலாம் வார்டை எடுத்தது தப்பு மேடம்,” என்றார். “எடுக்க வேண்டியது என் வார்டு.”

மேடம் பேனாவை மூடினார்.

ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மேடத்தின் போன் அடித்தது. பல்கலைக்கழகத்தில் கட்டு வாங்குகிற கிளார்க். அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. பத்துக் கட்டிலுக்குக் கேட்டது.

“மேடம், ஆவுடைநாயகம் ஃபைல் இன்னும் வரலை. அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திருவோம். மனுசன் ஆராய்ச்சியை முடிச்சாரா இல்லையா?”

இருபத்தொன்பதாம் கட்டிலில் ஆவுடைநாயகம் ஒரு சிறுவியாபாரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டது. கண் வாட்சை விட்டு அசையவில்லை. எண்ணிக்கை பதினொன்றில் இருந்து பன்னிரண்டுக்குப் போனது.

“இல்லைங்க,” என்றார் தங்கபுஷ்பம். “இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காரு.”