பஞ்சரே ஆகாத வேன்

தென்காசியில் வேன் வாடகைக்கு விடும் குற்றாலிங்கம் அண்ணாச்சி, தன் பெரிய வேனுக்குக் காற்றே வேண்டாத புது டயர்களை மாட்டிவிட்டு, டிரைவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இனிமே எவனும் லேட்டா வந்துட்டுப் பஞ்சர்னு கதை விட முடியாது. இதுல ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம். சொல்லிட்டா பழைய டயரையே மாட்டிருதேன்."

ஒருத்தன் டயரை உதைத்துப் பார்த்தான். இன்னொருத்தன் காற்றுக்குப் பதிலாக டயரின் பக்கவாட்டில் விட்டிருந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தான். பஞ்சர் இல்லையென்றால் வழியில் நிறுத்தி டீ குடிக்க என்ன காரணம் சொல்வது? எல்லார் முகமும் தொங்கிப்போனது.

மிக்கேல் மட்டும், "குறை இருக்கு அண்ணாச்சி. நான் சொன்னா எடுபடாது, முகூர்த்த நாள்ல நீங்களே சொல்வீங்க. அதுவரைக்கும் ஊரறிய வண்டியில எழுதிப் போடுவோம்" என்றான்.

மறுநாளே வேனின் இரண்டு பக்கமும் 'பஞ்சர் ஆகவே ஆகாது' என்று சிவப்பு எழுத்து மின்னியது. அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆவணி முகூர்த்தம் வந்தது. வழக்கம்போல அந்த ஒரே வேனை இரண்டு கல்யாண வீட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். மிக்கேல் ஒரு வீட்டுக்கு வண்டியை எடுத்துப் போய்விட்டான். இன்னொரு வீட்டிலிருந்து பெண்ணின் தாய்மாமன், வேன் இன்னும் வரவில்லையே என்று போன் போட்டார்.

"அப்பவே கிளம்பிட்டு. வழியில பஞ்சர்" என்றார் அண்ணாச்சி, பழக்கதோஷத்தில்.

"எது, அந்தச் சிவப்பு எழுத்து வண்டியா? அங்கேயே இரும். நேர்ல வாரோம்."

சாயங்காலம் மிக்கேல் திரும்பியபோது, அண்ணாச்சி பழைய டயர்களோடும் ஜாக்கியோடும் காத்திருந்தார். சட்டையில் ஒரு பொத்தான்கூட மிச்சமில்லை.

"குறை தெரிஞ்சுதா அண்ணாச்சி?"

"டயர்ல கொஞ்சம் காத்து வேணும்டே" என்றார் அவர். "அப்பத்தான் மனுசன் மூச்சு விட முடியுது."