நாலாவது நாற்காலி

வியாழக்கிழமை காலை சிவக்கொழுந்து கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஆசிரமத்துக்குள் ஓடிவந்தார். தொலைபேசி இலாகாவில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் சீடரானவர். குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். உற்சாகம் வந்துவிட்டால் அந்த வயசு அவருக்கு மறந்துபோகும்.

"அம்மா, இனிமே நான் எழுதவே வேண்டாம்!"

குளித்தலைப் பக்கம் காவிரிக் கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு வியாழன்தோறும் ஜனங்கள் வருவார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் குரு மங்கையர்க்கரசி அம்மாவிடம் மனசில் உள்ளதைச் சொல்வார்கள். அடுத்த முறை அம்மாவுக்கு நினைவூட்ட, சிவக்கொழுந்து மூலையில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொள்வார். கை நடுக்கம் வந்தபின் அவர் எழுத்து அவருக்கே புரிவதில்லை. போன வாரம் கல்யாணமே ஆகாத ஒருவரிடம், "மருமகள் சமாதானம் ஆயிட்டாளா?" என்று அம்மா கேட்கும்படி ஆகிவிட்டது.

"இந்த ஆப் பேசறதைக் கேட்டு அதுவே எழுதிக்கும். யாருக்கு என்ன கவலைன்னு பிரிச்சு வெச்சுக்கும். அத்தனையும் இலவசம்!"

"நல்லா இருக்கே!" அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. "யாரு குடுக்கறாங்க?"

"ஏதோ கம்பெனி."

"பதிலுக்கு என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேட்கல. 'சம்மதம்'னு அமுக்கச் சொன்னாங்க. அமுக்கிட்டேன்."

"எதுக்குச் சம்மதம்?"

"அது ரொம்ப நீளம்மா. படிக்கல."

அறையில் மூன்று நாற்காலிகள்தான் இருந்தன. அம்மா எழுந்து போய் நாலாவதாக ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

"யாருக்கும்மா இது?"

"புதுசா ஒருத்தர் கேட்க வர்றாரே. நிக்கவெச்சா நல்லாவா இருக்கும்?"

சிவக்கொழுந்து சிரித்துக்கொண்டே கைப்பேசியை அதன்மேல் வைத்தார்.

முதலில் வந்தவர் தலைமையாசிரியர் துரைசாமி. உட்கார்ந்தால் அரை மணி நேரம் வாய் ஓயாதவர். காலி நாற்காலியைப் பார்த்தார்.

"யாராவது வர்றாங்களா?"

"வந்தாச்சு. நாம பேசறதை எழுதிப்பார்," என்றார் அம்மா.

"யாரு?"

"எங்களுக்கும் தெரியாது."

தலைமையாசிரியர் மழையைப் பற்றி நாலு நிமிஷம் பேசிவிட்டுக் கிளம்பினார்.

"பாருங்கம்மா, ஒரு பிழை இல்லாம எழுதியிருக்கு!" என்று குதித்தார் சிவக்கொழுந்து.

அடுத்து பூங்கோதை வந்தாள். மூன்று வாரமாக வருகிறாள். வயிற்றுவலி என்பாள், போய்விடுவாள். போன வாரம் வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "அடுத்த தடவை கண்டிப்பா சொல்லிடறேன்மா," என்றிருந்தாள். இன்று சொல்லத்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்தும்விட்டாள். அப்போதுதான் நாற்காலி கண்ணில் பட்டது. அது யாருக்கு என்று கேட்டாள். அம்மா முன்பு சொன்னதையே சொன்னார்.

"வயித்துவலி தேவலைம்மா," என்று எழுந்துவிட்டாள்.

பையை எடுக்கும்போது சேலை விலகியது. மணிக்கட்டில் சூடு போட்ட தழும்பு. பழசு ஒன்று, புதுசு இரண்டு. சிவக்கொழுந்து பார்த்துவிட்டார். அம்மாவும் பார்த்தார். அதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

"தப்பு என்னுது, அவ வந்ததுமே நாற்காலியை எடுத்திருக்கணும்!" அம்மா வாசலுக்கு விரைந்தார். "பதினொன்றேகால் பஸ்ஸுக்குப் போறா. ஓடுங்க ஐயா!"

ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே போயிற்று. பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. சிவக்கொழுந்து இரண்டு கையையும் விரித்து அதன் முன்னால் போய் நின்றார். ஓட்டுநர் திட்டினார். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"பூங்கோதை! அந்த நாற்காலியை எடுத்துடறேன்மா! சத்தியமா எடுத்துடறேன்!"

பஸ்ஸில் இருந்தவர்கள் இதென்ன கூத்து என்று பார்த்தார்கள். ஜன்னலோரம் தலை குனிந்திருந்தவள் அவரையே பார்த்தாள். பிறகு இறங்கினாள்.

ஆசிரமத்துக்கு வந்ததும் அவர் முதல் வேலையாகக் கைப்பேசியை அணைத்தார். நாற்காலியோடு சேர்த்து அதை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, மூச்சிரைக்க, தன் மூலையில் நோட்டுடன் உட்கார்ந்தார்.

பூங்கோதை தயங்கினாள். "ஐயா, நீங்களும் கொஞ்சம் வெளியே இருக்கீங்களா?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

அவள் வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. முகம் வீங்கியிருந்தது, ஆனால் நடை நேராக இருந்தது. அன்று அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. அம்மா தகவல் சொல்லி அனுப்ப, கூட்டிப்போக அவள் அண்ணன் வந்தார்.

அவர்கள் போனதும் சிவக்கொழுந்து மெல்ல உள்ளே வந்தார்.

"நானும்தானேம்மா இத்தனை நாளா மூலையில உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டேன். அப்போ நானும் அதுவும் ஒண்ணுதானா?"

அம்மா வாசலில் கிடந்த நாற்காலியையும் அதன்மேல் இருந்த கைப்பேசியையும் பார்த்தார்.

"உங்களைப் போகச் சொன்னா, போனீங்க. அதைப் போகச் சொன்னா போகுமா, ஐயா?"