எல்லா இடத்திலும் ஐயா பெயர்

செங்காட்டூர் வணிகர் சங்கத்துக்குப் புதுத் தலைவராக வந்த வேலாயுதப்பெருமாள், நாற்காலி சூடேறும் முன்பே சங்க இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"தளத்துல எங்க பார்த்தாலும் காலமான பழைய தலைவர் சிவனணைஞ்சான் பேராவே இருக்கு. மண்டபம் கட்டினது, தண்ணிக் குழாய் போட்டது எல்லாம் என் பேர்ல வரணும். ஒரு இடம் விடக்கூடாது. மதியத்துக்குள்ள முடியலைன்னா நீ வீட்டுக்குப் போகலாம்."

"எல்லா இடத்துலயுமா ஐயா?"

"தமிழ்லதானே சொல்றேன்!"

தளத்தை எழுதிய பி.எச்.பி. என்ற கணினி மொழியில் 'ஸ்ட்ரிங் ரீப்ளேஸ்' என்று ஒரு கட்டளை உண்டு. பழைய பெயரையும் புதுப் பெயரையும் கொடுத்தால் போதும், கண்ட இடமெல்லாம் மாற்றிவிடும். ஏன் எதற்கென்று கேட்காது. இசக்கியும் கேட்கவில்லை.

சாயங்காலம் தலைவர் வீட்டு வாசலில் மாலையும் கையுமாகக் கூட்டம். தளத்தின் முதல் பக்கத்தில், 'வேலாயுதப்பெருமாள் மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி!'

தலைவர் சங்கத்துக்கு ஓடிவந்தார். மாலை தூக்கியவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"உயிரோட இருக்கிறவனைக் கொன்னுட்டியே!"

"மண்டபமும் பழைய தலைவரோடது, சாவும் அவரோடது. எல்லாத்தையும்தானே ஐயா கேட்டீங்க?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பழையபடியே மாத்தித் தொலை!" என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "திருப்பும்போது நான் செஞ்சது எதுவும் அவர் பேருக்குப் போயிடாதே?"

"அந்தக் கவலையே வேண்டாம் ஐயா. நேத்து வரைக்கும் தளத்துல உங்க பேர் ஒரு இடத்துலகூட இல்லை."